குருதி தரும் முன்னறிவிப்பு

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டிக் குலசேகரத்தில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

குலசேகரம் இரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். இங்கு வரும் பயணிகள் திற்பரப்பு அருவியையும் பேச்சிப்பாறை அணையையும் கண்டு திரும்புவர். சமணக் குடும்பத்தாரோ சிதறால் மலையை நோக்கிச் செல்வர். திருச்சாரணத்து மலை என்று பழங்காலத்தில் பெயர்பெற்ற அக்குன்றில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பாறையில் புடைப்புச் சிற்பங்களாகத் தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கின்றனர். வடதமிழகத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து அம்மலையேறி வணங்குவதைப் பெரும்பேறாகக் கருதும் குடும்பங்கள் பல.

அம்மலைப் பாதையில் நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றிப் பாதி வழியில் அமர்ந்துவிடும் பெரியவர், ‘வயதாகிவிட்டது, வேறொன்றும் இல்லை’ என்பார். உடன் வந்தோரும் விசிறிவிட்டு ஆற்றுவர். அவ்விறுக்கம் வயதின் களைப்பா, இதயக் குழாயின் அடைப்பா என்பதை அங்கே நின்று எவராலும் உறுதிசெய்ய இயலாது. ஆனால் இதயக் குழாயில் அடைப்பு ஒரே நாளில் உண்டாவதன்று. இருபது, முப்பது ஆண்டுகளாகக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிந்து படிந்து உருவாவது. அது படிந்துகொண்டிருந்த காலமெல்லாம் குருதியில் அதற்கான குறிகள் பெரும்பாலும் இருந்திருக்கும். அக்குறிகளைக் காட்டும் பரிசோதனைகள் புதியவை அல்ல, அரியவையும் அல்ல. ஊர்தோறும் உள்ள பரிசோதனைக் கூடங்களில் நாள்தோறும் செய்யப்படுபவை. அவற்றின் முடிவுத் தாளைப் படிக்கும் முறையே இவ்வுரையின் பொருள்.

‘மரக்கறி உண்பவருக்கு மாரடைப்பு வராது’ என்னும் நம்பிக்கை சமணர் இல்லங்களில் ஆழ வேரூன்றியது. அதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 48,000 பேருக்கு மேற்பட்டோரை ஏறத்தாழ 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2019-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். புலாலுண்போரைவிட மரக்கறி உண்போருக்கு இதயக்குழாய் நோய் 22 விழுக்காடு குறைவு என்பது அவர்கள் கண்டது. பெருமைக்குரிய செய்திதான். எனினும் அக்கணக்கை மறுபுறமிருந்தும் நோக்க வேண்டும். புலாலுண்போரில் 100 பேருக்கு நோய் வருமிடத்தில், அதே எண்ணிக்கையுள்ள மரக்கறியாளரில் 78 பேருக்கு வருகிறது. மேலும், மூளைப் பக்கவாதம் மரக்கறியாளரிடம் 20 விழுக்காடு கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு பதிவுசெய்தது. கொல்லாமை நோன்பு உயிர்களின்பால் கொண்ட அருளால் மேற்கொள்ளப்பட்டது. இதயத்திற்கு அது தரும் நன்மை ஓர் உபரி. முழுக் காப்பு என்று அதனைக் கொள்ளுதல் நோன்பின்மேல் ஏற்றிச் சொல்லும் பொய்யுரையாகும்.

பிரிட்டன் மரக்கறியாளரின் தட்டும் தமிழ்ச் சமணரின் இலையும் ஒன்றல்ல என்பதும் கருதத்தக்கது. வெள்ளை அரிசிச் சோறு, நெய், விழாக்காலத்து இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம் இவையெல்லாம் கொல்லாமைக்கு மாறானவை அல்ல. ஆயினும் குருதியில் கொழுப்பையும் சர்க்கரையையும் ஏற்றவல்லவை. இந்தக் குமரி மாவட்டத்தில் தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ் இல்லாத விருந்து இல்லை. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதனைப் பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த கட்டுரை, தீய கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவைத் தேங்காயெண்ணெய் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்துகிறது என்று காட்டியது. தென்குமரியார் தேங்காயை விட்டு வாழ முடியாது, அளவு குறைக்கலாம்.

தமிழ் மண்ணிலேயே செய்யப்பட்ட ஆய்வு ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். சென்னையில் திருமங்கலம், தியாகராய நகர் ஆகிய இரு பகுதிகளில் வாழ்ந்த 20 வயதுக்கு மேற்பட்ட 1,262 பேரை மருத்துவர் வி. மோகன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வு எனப்படும் அதன் முடிவு 2001-இல் வெளிவந்தது. மொத்தத்தில் 11 விழுக்காட்டினரிடம் இதயக்குழாய் நோய் காணப்பட்டது. அவ்வெண்ணைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் குருதியின் மொழி புலனாகிறது. சர்க்கரை அளவு இயல்பாக இருந்தோரில் 9.1 விழுக்காடு. நீரிழிவு என்று சொல்லும் அளவுக்கு ஏறாமல் இடைநிலையில் நின்றோரில் 14.9 விழுக்காடு. நீரிழிவு உடையோரில் 21.4 விழுக்காடு. ‘கொஞ்சம் சர்க்கரை, பார்டர்தான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லப்படும் அந்த இடைநிலையிலேயே இதயத்தின் தீங்கு தொடங்கிவிடுகிறது.

இவ்வகைக் கணக்குகளுக்கெல்லாம் மூலம் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் என்னும் சிற்றூர். 1948-இல் அவ்வூரார் 5,209 பேர் ஆய்வுக்கு இசைந்தனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்களின் குருதியழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் முதலியன குறிக்கப்பட்டன. பிற்பாடு எவருக்கு நோய் வந்தது, எவருக்கு வரவில்லை என்று பொறுமையாகக் காத்திருந்து பார்த்தனர். இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்னும் சொல் மருத்துவ உலகில் பரவியது அவ்வாய்வால்தான். அதற்கும் முன்னே, 1913-இல் உருசிய மருத்துவர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி அவற்றின் குழாய்கள் தடிப்பதைக் காட்டியிருந்தார். அவ்வறிவு முயல்களின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றது என்பதைச் சமணச் செவி கேளாமல் இருக்க முடியாது. ஃபிரேமிங்காமில் அத்தகைய கொலை இல்லை. மனிதர் தாமே விரும்பித் தந்த சில துளிக் குருதியும் நெடுங்காலப் பொறுமையுமே அதன் கருவிகள்.

ஆனால் ஃபிரேமிங்காம் மக்களின் கணக்கு இந்தியருக்கு அப்படியே பொருந்துவதில்லை. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகள், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்றும், பிற நாட்டாருக்கு ஏறத்தாழ 59 என்றும் காட்டின. ஆறாண்டு என்பது சிறிதன்று. மகளின் திருமணத்துக்கு முன்பா பின்பா என்பதை முடிவுசெய்யும் காலம் அது.

இனி முடிவுத் தாளைக் கையில் எடுப்போர் செய்யும் முதற்பிழையைக் காண்போம். அவர்தம் கண் ‘மொத்தக் கொலஸ்ட்ரால்’ என்னும் வரியில் நின்றுவிடுகிறது. 200-க்குள் இருந்தால் மகிழ்ச்சி, சற்று மிகுந்தால் அச்சம். இந்தியரைப் பொறுத்தவரை இவ்வரி பாதிக் கதையைக்கூடச் சொல்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தோர் 13.9 விழுக்காடே. ட்ரைகிளிசரைடு மிகுந்தோர் 29.5 விழுக்காடு. நல்ல கொழுப்பாகிய எச்.டி.எல். குறைந்தோரோ 72.3 விழுக்காடு! மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் பெரும்பான்மையோரின் குறையைக் காணாமலே தாளை மடித்து வைத்துவிடுவார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐம்பது வயதுடைய ஒருவரின் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 190 என்று கொள்வோம். எல்.டி.எல். அளவைப் பல கூடங்கள் நேரே அளப்பதில்லை. 1972-இல் ஃப்ரீடுவால்டு என்பவரும் உடனாய்வாளரும் வகுத்த வாய்பாட்டால் கணக்கிடுகின்றன. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 38. அதனையும் எச்.டி.எல். 36-ஐயும் 210-இலிருந்து கழித்தால் 136. இதுவே எல்.டி.எல். (ட்ரைகிளிசரைடு 400-க்கு மேற்போனால் இவ்வாய்பாடு பயன்படாது, நேரே அளக்கச் சொல்ல வேண்டும்.) அடுத்து, மொத்தத்திலிருந்து எச்.டி.எல். அளவை மட்டும் கழித்தால் 174. இதற்கு ‘நான்-எச்.டி.எல்.’ என்று பெயர். குழாயில் படியவல்ல கொழுப்புத் துகள்கள் அனைத்தையும் ஒருங்கே சுட்டும் எண் இது. கூடுதல் செலவில்லாமல், ஒரு கழித்தலில் கிடைப்பது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, தீங்குவாய்ப்புக் குறைந்த பொதுமக்களுக்கே எல்.டி.எல். 100-க்குள்ளும் நான்-எச்.டி.எல். 130-க்குள்ளும் இருத்தல் வேண்டும். மிகுந்த வாய்ப்புடையோர்க்கு எல்.டி.எல். 70-க்குள்ளும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் போன்ற மிக மிகுந்த வாய்ப்புடையோர்க்கு 55-க்குள்ளும் இருக்க வேண்டும். ஆகவே ‘210 தானே, பத்துதான் கூட’ என்று ஆறுதல் கொண்ட அவர், உண்மையில் இரண்டு இலக்குகளையும் தொலைவில் விட்டு நிற்கிறார். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறையலாகாது. அதிலும் அவர் தேறவில்லை. வேறொருவர் நீரிழிவுடையவர், எல்.டி.எல். 95. தாளில் சிவப்பு எழுத்தும் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. ஆயினும் அவருக்கு அது மிகுதியே. தாளின் ஓரத்தில் அச்சிட்ட எல்லை எல்லோர்க்கும் பொதுவானது. தாளுக்கு உரியவருடைய வயதையும் நோயையும் அது அறியாது.

கொழுப்பு வரிகளுக்கு வெளியிலும் இதயச் செய்தி உண்டு. கிரியேட்டினின் என்னும் வரி சிறுநீரகத்தின் நிலையைச் சொல்வது. சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு இதயநோய் வாய்ப்பு மிகும். அமெரிக்க இதயச் சங்கம் 2023-இல் வெளியிட்ட ‘பிரிவென்ட்’ என்னும் கணிப்பு முறையில் சிறுநீரகத் திறனும் ஓர் உறுப்பாகவே சேர்க்கப்பட்டது. தைராய்டு சுரப்புக் குறைந்தால் எல்.டி.எல். உயரும், தைராய்டைச் சரிசெய்தால் அதுவும் இறங்கக்கூடும். இவ்வுண்மை தெரியாமல் ஆண்டுக்கணக்கில் உணவையே பழித்துக்கொண்டிருக்கும் தாய்மார் உண்டு.

இன்னும் வியப்புக்குரியது, இரத்த அணுக்களை எண்ணும் எளிய பரிசோதனை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து இன்டர்மவுண்டன் மருத்துவமனை ஆய்வாளர்கள், அணுக்கணக்கையும் உப்பு, சர்க்கரை, சிறுநீரக அளவுகளையும் வயதோடு சேர்த்து ஒரு மதிப்பெண் வகுத்து 2009-இல் வெளியிட்டனர். எந்த மருத்துவமனையிலும் அன்றாடம் எடுக்கப்படும் இவ்வெண்களைக் கொண்டே எவர் உயிருக்கு இடர் மிகுதி என்பதை நன்கு கணிக்க முடிந்தது. சிவப்பணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ‘ஆர்.டி.டபிள்யூ.’ என்னும் எண்ணும் அதில் இடம்பெற்றது. பெரும்பாலோர் கண்ணே வைக்காத வரி அது.

இங்கேதான் சமணக் குடும்பங்கள் தனிக்கவனம் கொள்ள வேண்டும். அவ்வெண் உயர்வதற்கு மற்றொரு காரணம் ஊட்டக் குறை. இரும்புச் சத்துக் குறைந்தால் சிவப்பணு சிறுக்கும். பி12 உயிர்ச்சத்துக் குறைந்தால் பெருக்கும். இரண்டும் கலந்திருந்தால் சிறிதும் பெரிதுமாக அணுக்கள் மிதக்கும், ஆர்.டி.டபிள்யூ. ஏறும். பி12 இயற்கையில் விலங்குவழி உணவுகளிலேயே கிடைப்பது. மரக்கறியாளருக்குப் பாலும் தயிருமே வழி. பாலையும் துறந்த வீகன் இளைஞர்களுக்கு அவ்வழியும் இல்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உண்போருக்கும் பி12 குறையக்கூடும். ஆதலால் புலாலுண்ணும் அமெரிக்கரிடம் இதயத்தின் எச்சரிக்கையாகக் கொள்ளப்படும் எண், நோன்பு நோற்கும் சமணப் பெண்மணியிடம் இரும்புக் குறையையோ பி12 குறையையோ மட்டும் சொல்லக்கூடும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையும் இப்படியே. இரும்போ பி12-ஓ குறைந்தவரிடம் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 5.7-க்கும் 6.4-க்கும் இடைப்பட்டால் முன்நீரிழிவு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு என்று வகுத்திருக்கும்போது, இச்சிறு கூடுதல் ஒருவரை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் உடன் பார்த்தால் ஐயம் தீரும்.

பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் குருதியில் ஏறும். அது மிகுந்தோர்க்கு இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டதால், உயிர்ச்சத்து மாத்திரையே மாரடைப்பைத் தடுக்கும் என்று ஒருகாலத்தில் நம்பப்பட்டது. 2006-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. மாத்திரையால் ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்புக் குறையவில்லை. நரம்புக்கும் இரத்தத்துக்கும் பி12 இன்றியமையாதது. குறைந்தால் கட்டாயம் ஈடுசெய்ய வேண்டும். அதனை இதயக் கவசமாகக் கருதிக் கொழுப்பையும் குருதியழுத்தத்தையும் மறந்துவிடலாகாது என்பதே ஈண்டுக் கூறத்தக்கது. கடைகளில் விற்கும் பி12, நுண்ணுயிர் நொதித்தலால் செய்யப்படுவது, விலங்குடலிலிருந்து எடுப்பதன்று. எனினும் மருந்தை அடைக்கும் கூடுகள் பலவும் விலங்கு எலும்பு, தோல் இவற்றின் ஜெலட்டினால் ஆனவை. கூடாக இல்லாமல் மாத்திரையாகக் கேட்டு வாங்குவதில் எந்தத் தடையும் இல்லை, மருத்துவர் கோபிக்கமாட்டார்.

வாழ்நாளில் ஒருமுறை மட்டும் செய்தால் போதுமான பரிசோதனை ஒன்றும் உண்டு. ‘லிப்போபுரோட்டீன் ஏ’ என்பது அதன் பெயர். 1963-இல் நார்வே நாட்டு அறிஞர் கோரே பெர்க் கண்டறிந்த இத்துகள், பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வருவது. உணவாலும் உடற்பயிற்சியாலும் பெரிதும் மாறாது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் வாய்ப்பு மிகுதி. இந்தியரில் நால்வரில் ஒருவரிடம் இது மிகுந்திருப்பதாக இந்திய இதயவியல் சங்கத்தின் நெறிமுறை கூறுகிறது. புகையாதவர், மெலிந்தவர், நோன்பு தவறாதவர். ஆயினும் நாற்பத்தைந்தில் மாரடைப்பு. இத்தகைய துயரங்கள் சிலவற்றின் பின்னே இத்துகள் இருக்கிறது. அது மிகுந்திருப்பதாகத் தெரிந்தால் மனம் தளர வேண்டியதில்லை. மாற்றக்கூடிய பிறவற்றை இன்னும் கண்டிப்பாக அடக்க வேண்டும், உடன்பிறந்தாரும் மக்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு எண்களையும் ஒன்றாக்கி ஒரு விடை காண்பது எப்படி? உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் உலகின் 21 வட்டாரங்களுக்குத் தனித்தனி வண்ண அட்டவணைகளை வெளியிட்டது. தெற்காசியாவுக்கும் ஒன்று உண்டு. 40 முதல் 74 வயது வரையுள்ளோர்க்கு, ஆண் பெண் வேறுபாடு, புகைப்பழக்கம், குருதியழுத்தம், நீரிழிவு, மொத்தக் கொலஸ்ட்ரால் ஆகியவற்றைக் கொண்டு, அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கான வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று அது கூறும். 5 விழுக்காட்டுக்குக் கீழே பச்சை. 20-ஐத் தாண்டினால் சிவப்பு. இரத்தப் பரிசோதனை செய்ய வசதியில்லாத இடத்திலும் பயன்பட, எடையையும் உயரத்தையும் கொண்டு கணிக்கும் மற்றோர் அட்டவணையும் தந்துள்ளனர்.

‘பன்னிரண்டு விழுக்காடு’ என்று சொன்னால் கேட்பவர், ‘எனக்கு வருமா, வராதா? அதைச் சொல்லுங்கள்’ என்பார். ஒற்றைச் சொல்லில் விடை வேண்டும் மனித மனத்துக்கு. சமண மரபில் வந்தோருக்கோ இவ்வகை விடை புதிதன்று. ஒரு பொருளைப் பற்றி ஒரு நோக்கில் ‘உண்டாம்’, மற்றொரு நோக்கில் ‘இல்லையாம்’, பிறிதொரு நோக்கில் ‘சொல்லொணாததாம்’ என்று ஏழு வகையில் கூறும் ஸ்யாத்வாதம் அவர்தம் முன்னோர் வகுத்தது. இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப்படும் மகலனோபிஸ், புள்ளியியலின் அடிப்படைகளைப் பற்றி 1954-இல் எழுதிய கட்டுரையில், இச்சமண அளவையை இக்கால நிகழ்தகவுச் சிந்தனைக்கு நெருக்கமானதாக எடுத்துக்காட்டினார். உயிரியல் அறிஞர் ஹால்டேனும் 1957-இல் ஸ்யாத்வாதத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதினார். பன்னிரண்டு விழுக்காடு என்பது, இவரைப் போன்ற நூறு பேரில் பன்னிருவருக்கு வரும், எண்பத்தெண்மருக்கு வாராது என்பதே. இவர் எந்தப் பக்கம் என்பது சொல்லொணாதது. பன்னிருவரை அறுவராக்க வழியுண்டா என்பதே மருத்துவர் முன் வைக்கத்தக்க வினா. ‘வருவது வினைப்பயன்’ என்று அமைந்துவிடுவோரும் உளர். வினைக்கொள்கை முயற்சியை விலக்குவதன்று. உதீரணை என்று, காலத்துக்கு முன்பே வினையை முதிர்வித்துக் கழிக்கும் முயற்சிக்கும் அதில் இடமுண்டு.

ஒரே எண்ணைக் கொண்டு உறுதி பேசுவோரிடம் எச்சரிக்கை வேண்டும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையில், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் இதயநோய் வாய்ப்பு மிகுதி என்பர். ஆனால் சளிக்காய்ச்சலும் பல்வலியும் அவ்வெண்ணை ஏற்றிவிடும். இரண்டு வாரம் கழித்து மீளப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். விழாக்காலத் தள்ளுபடியில் எண்பது பரிசோதனை, நூறு பரிசோதனை என்று விளம்பரப்படுத்தும் தொகுப்புகளில் பாதி, ஆளைக் கலங்கவைப்பதற்கே உதவுகின்றன. கொழுப்பு, சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு, அணுக்கணக்கு, ஒருமுறை லிப்போபுரோட்டீன் ஏ, மரக்கறியாளருக்கு பி12. இவற்றோடு கையில் பட்டை கட்டி அளக்கும் குருதியழுத்தம். தொடக்கத்துக்கு இவ்வளவே போதும்.

குருதி கொடுக்கும் நாளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். இரவுணவு ஒழிக்கும் நோன்பு இவ்விடத்தில் பெருந்துணை. கதிரவன் மறையுமுன் ஆறு மணிக்கு உண்டவர் காலை ஆறு மணிக்குக் குருதி தந்தால், பன்னிரண்டு மணி நேர வெறும் வயிறு தானே அமைந்துவிடுகிறது. கூடத்தில் வரிசையில் நின்று பத்து மணியாகிவிட்டால் பட்டினி பதினாறு மணியாகிவிடும், அதுவும் நன்றன்று. கொழுப்புப் பரிசோதனைக்கு மட்டும் வெறும் வயிறு கட்டாயமில்லை என்று இந்நாளைய நெறிமுறைகள் தளர்த்திவிட்டன. ட்ரைகிளிசரைடு மிகுந்தோர் மட்டும் வெறும் வயிற்றில் மீளப் பார்க்க வேண்டும். தண்ணீர் அருந்தத் தடையில்லை. தசலட்சண நாள்களில் முழு உபவாசம் இருந்த உடனே சென்று குருதி கொடுப்போர் உண்டு. நெடிய உண்ணாநோன்பு கொழுப்பு அளவுகளைத் தற்காலிகமாக மாற்றிவிடும். நீரும் அருந்தாமல் இருந்தவரின் சிறுநீரக எண்களும் பிறழும். பாரணை முடிந்து வழக்கமான உணவுக்குத் திரும்பிச் சில வாரம் சென்றபின் பார்ப்பதே முறை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், உபவாசத்துக்கு முன் மருத்துவரைக் கலந்தே ஆக வேண்டும். மாத்திரையை உண்டு உணவை விட்டால் சர்க்கரை மிகத் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரும்.

கருவுற்ற காலத்தில் சர்க்கரையோ குருதியழுத்தமோ ஏறியிருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வாய்ப்பு மிகுதி. பிள்ளை பிறந்ததும் அத்தாள்களை எறிந்துவிடுகின்றனர். மாதவிலக்கு நின்றபின் எல்.டி.எல். பொதுவாக உயர்கிறது. கணவருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை, மனைவிக்கு ‘எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்னும் ஒரு சொல். பல இல்லங்களின் வழக்கம் இதுவே.

எண்கள் எல்லை மீறியிருந்தால் உணவும் நடையும் முதலில். அவை போதாதபோது மருத்துவர் ஸ்டாட்டின் மாத்திரை தருவார். எல்.டி.எல். ஏறத்தாழ 39 மில்லிகிராம் இறங்கினால், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே குறைகின்றன என்பது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட ஆய்வுகளின் தொகுப்பில் தெளிந்த உண்மை. அளவு இறங்கியதும் ‘சரியாகிவிட்டது’ என்று மாத்திரையை நிறுத்துவோர் பலர். இறங்கியது மாத்திரையால், நிறுத்தினால் மீண்டும் ஏறும்.

மற்றொன்றும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். இப்பரிசோதனைகள் வருங்காலத்தைக் கணிப்பன. நிகழ்கின்ற மாரடைப்பைக் காட்டுவன அல்ல. நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல் தோன்றியவர், ‘போன மாதம்தான் எல்லாம் நார்மல்’ என்று தாளைத் தேடலாகாது. பெண்களுக்கும் நீரிழிவுடையோர்க்கும் வலியே இல்லாமல் களைப்பாகவோ குமட்டலாகவோ வருவதும் உண்டு. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மாரடைப்புக்கு முதலில் தரவேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழங்கும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கியது. மலையோரச் சிற்றூர்களில் வாழ்வோர் தமக்கு அருகிலுள்ள நிலையம் எது என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

சமணர் போற்றும் நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானம் ஒன்று. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயரையே நூலுக்குச் சூட்டிய புலவர்கள் வந்த மரபு இது. அறக்கட்டளைகள் விழா நாளில் மருத்துவ முகாம் நடத்துவது அதன் தொடர்ச்சி. முகாமுக்கு வருவோர், பழைய தாள்கள் இருப்பின் ஆண்டு வரிசையில் அடுக்கி எடுத்து வருக. ஓர் ஆண்டின் எண்ணைவிட, ஐந்தாண்டுகளாக அது ஏறிவந்ததா இறங்கிவந்ததா என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும். தாளின் பின்புறத்தில், கடைசியாக உண்ட நேரம், அண்மையில் இருந்த உபவாசம், வந்துபோன காய்ச்சல், உட்கொள்ளும் மாத்திரை ஆகியவற்றைப் பேனாவால் குறித்துவிடுக. குடும்பத்தில் தந்தையோ உடன்பிறந்த ஆணோ 55 வயதுக்கு முன்பும், தாயோ உடன்பிறந்த பெண்ணோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், அதனையும் வயதோடு எழுதுக. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் மக்களுக்கு அப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவைப்பின், இருபத்தைந்து வயதில் முதன்முறை பரிசோதனைக்குச் செல்லும்போது மருத்துவரிடம் காட்ட அவர்களுக்கு அது பயன்படும்.